கையெழுத்தின் சாட்சிகள்: விளையாட்டு அட்டைகளில் அசலும் போலியும்

விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட அட்டை ஒன்றில் அவருடைய கையெழுத்தும் சேரும்போது அதன் விலை பல மடங்கு உயர்கிறது. உயர்ந்த விலை முழுவதும் மையால் இழுத்த ஒரு கோட்டை நம்பியே நிற்பதால், அந்தக் கோட்டை இழுத்த கை யாருடையது என்பதே இச்சேகரிப்பில் முதன்மையான கேள்வியாகிறது. வாங்குவோரில் பெரும்பாலோர் விடை தேடும் முறை ஒன்றே: அந்த வீரரின் கையெழுத்து என்று இணையத்தில் கிடைக்கும் படத்தை அருகில் வைத்து, வளைவும் சுழிப்பும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. போலி செய்பவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் எழுதிப் பழகியிருப்பார் என்பதால், வடிவ ஒற்றுமை போலியிலும் அசலிலும் பொதுவாகக் காணப்படும் பண்பாகிவிடுகிறது. அதைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. அட்டை எப்படி அச்சானது, மை அதன்மேல் எப்படிப் படிந்திருக்கிறது, கோடு என்ன வேகத்தில் ஓடியிருக்கிறது, கையெழுத்திட்ட இடத்திலிருந்து இன்றைய உடைமையாளர் வரை அட்டை யார் யார் கைமாறி வந்தது ஆகியவை வடிவத்துக்கு முன்பாகவே விசாரிக்கப்பட வேண்டிய சாட்சிகள் என்பதும், இவற்றுள் முதல் இரண்டை விசாரிக்கத் தேவையான அறிவு விருதுநகர் மாவட்டத்தில் அன்றாடத் தொழிலறிவாகவே புழங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இத்தகைய அட்டைகள் சிகரெட்டோடு பிறந்தவை. பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே வைத்த தடித்த தாளில் படம் அச்சிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவியது. இங்கிலாந்து அணிக்கு ஆடிய ரஞ்சித்சிங்ஜியின் உருவம் அந்நாட்டுச் சிகரெட் அட்டைகளில் இடம்பெற்றது இந்தியருக்கு இவ்வரலாற்றில் கிடைத்த முதல் இடங்களில் ஒன்று. பின்னர் பபிள்கம் நிறுவனங்கள் இவ்வழக்கத்தைக் கையிலெடுத்தன. 1909க்கும் 1911க்கும் இடையில் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டைகளில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கும், டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று அதே ஆண்டில் 1.26 கோடி டாலருக்கும் விற்றன. இவ்விரண்டிலும் வீரர் பேனா பிடித்து எழுதியது எதுவும் இல்லை. ஆயினும் மேன்டில் அட்டையின் முகப்பில் அவருடைய கையெழுத்தின் அச்சு நகல் உண்டு. அச்சில் வந்த கையெழுத்தும் கையால் வந்த கையெழுத்தும் ஒரே வகைப் பொருளில் அருகருகே புழங்கத் தொடங்கியது அப்போதே என்பதால், இன்றைய குழப்பத்தின் வேர் அவ்வளவு பழையது. 1990இல் அப்பர் டெக் நிறுவனம் பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண்ணிட்ட 2,500 அட்டைகளைச் சாதாரணப் பொட்டலங்களுக்குள் கலந்து விட்ட பிறகு, கையெழுத்து என்பது வீரரிடம் நேரில் கேட்டுப் பெறும் நினைவுப் பொருளாக இருந்த நிலை மாறி, தொழிற்சாலையே பொட்டலத்தில் வைத்து விற்கும் சரக்காயிற்று.

தமிழ்நாட்டின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. இங்கே ஆட்டோகிராஃப் என்பது நோட்டுப் புத்தகத்திலும், பத்திரிகையிலிருந்து வெட்டிய படத்திலும், மட்டையிலும் பெறப்பட்டது; 1990களில் பள்ளிப் பிள்ளைகள் ஆடிய ட்ரம்ப் கார்டு கட்டுகளும், பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களும் விளையாட்டுப் பொருள்களே தவிர சேமித்து விலை பேசும் பொருள்களாகக் கருதப்படவில்லை. ஐபிஎல் தொடங்கிய பிறகு வந்த டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் அட்டைகளும் முதலில் சிறுவர்களையே நோக்கி வந்தன. ஆகவே இங்கு சந்தைக்கு வரும் கையெழுத்து அட்டைகளில் ஒரு பகுதி, நிறுவனமே கையெழுத்து வாங்கி வெளியிட்டவை அல்ல. பழைய அட்டை ஒன்றில் பின்னர் எப்போதோ கையெழுத்துப் பெறப்பட்டதாகச் சொல்லப்படுபவை. சதுரகிரி மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள மகாராஜபுரத்திலோ, ராஜபாளையத்திலோ இருக்கும் ஒருவர் அப்படியொரு அட்டையைக் கைபேசி வழியே வாங்கும்போது, விற்பவரின் முகத்தையோ கடையையோ பார்க்கும் வாய்ப்பு அவருக்கில்லை. பொருள் கூரியரில் வந்து சேர்ந்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது.

சோதனையின் முதல் படி அச்சைப் பற்றியது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் சிவகாசியில் வேரூன்றியதும் பரவலாக அறியப்பட்ட வரலாறு. விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரின் ஆஃப்செட் அச்சகங்களில், தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை உருவி, லூப் எனப்படும் சிறு பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது மெஷின்காரரின் வழக்கமான வேலை. நான்கு வண்ண அச்சில் படம் என்பது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளின் நுண்ணிய புள்ளிகள் அடுத்தடுத்து விழுவதால் தோன்றுவது. அப்புள்ளிகள் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கப்படுவதால் லூப்பின் கீழ் சிறு பூக்களைப் போன்ற வட்டங்கள் தெரியும். கையெழுத்தின் கோட்டிலும் அதே புள்ளிப் பூக்கள் தெரிந்தால், அது படத்தோடு சேர்ந்து அச்சான நகல் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

இதன் மறுதலை உண்மையல்ல என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். புள்ளி தெரியவில்லை என்பதால் கையெழுத்து பேனாவால் எழுதப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஏனெனில் நகல் கையெழுத்தைக் கறுப்பு பிளேட்டிலேயே புள்ளியில்லாத திடக் கோடாகச் சேர்க்கவும், தனி நீல மைக்கு ஐந்தாவது பிளேட் போட்டு அடிக்கவும் அச்சகத்தால் முடியும். அப்படி அச்சான கோடு லூப்பின் கீழ் வழுவழுப்பாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். அப்போது பார்க்க வேண்டியது கோட்டின் இடம்: அட்டையை விளக்கின் எதிரே சாய்த்துப் பிடித்தால், வார்னிஷ் அல்லது லேமினேஷன் படலத்தின் அடியில் கிடக்கும் கோட்டின்மேல் ஒளி தடையின்றி வழுக்கிச் செல்லும், படலத்தின் மேலே எழுதிய மையோ தன் தனிப் பளபளப்பையோ மங்கலையோ காட்டி ஒளியை அங்கே துண்டிக்கும். இன்க்ஜெட் நகலாக இருந்தால் கோட்டின் ஓரத்தில் சிதறிய துளிகளும், லேசர் நகலாக இருந்தால் தாளின்மேல் ஒட்டிய டோனர் துகள்களும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஆட்டோகிராஃப் என்ற பெயரில் விற்கப்படும் மலிவான பொருள்களில் அச்சு நகல்கள் இந்த ஒரு படியிலேயே கழிந்துவிடும் என்பதாலும், இதற்குக் கையெழுத்து நிபுணர் யாரும் தேவையில்லை என்பதாலும், இதைத் தவிர்த்துவிட்டு நேராக வடிவ ஒப்பீட்டுக்குப் போவது வீண் வேலை.

கையால் எழுதியது என்று உறுதியான பிறகு, எப்போது எழுதியது என்ற கேள்வி வருகிறது. மையின் வயதை ஆண்டுக் கணக்கில் துல்லியமாகச் சொல்வது ஆய்வகத்துக்கே கடினமான காரியம். ஆனால் எழுதுகருவிக்குப் பிறந்த ஆண்டு உண்டு. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். நார்முனைப் பேனா 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவானது. இன்று கையெழுத்துக்கென்றே வீரர்களிடம் நீட்டப்படும் ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது. ஜெல் பேனா 1980களைச் சேர்ந்தது. 1933இல் மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் சிகரெட் அட்டையில் பால்பாயிண்ட் கோடு இருந்தால் அதற்குமேல் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. பால்பாயிண்ட் கோட்டை அடையாளம் காண்பதும் எளிது: உருளும் குண்டு தாளில் பள்ளம் பதிக்கும், வளைவு முடியும் இடங்களில் மை கட்டியாகத் தேங்கும், கோட்டின் நடுவே மை படாத மெல்லிய கீற்றுகள் ஓடும். தாளுக்கும் இதே சோதனை பொருந்தும். தாளை வெள்ளைவெளேரென்று காட்டும் வெண்மையூட்டி இரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டன. கள்ளநோட்டைப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ் 1900ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவது பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், அது பிற்கால மறுஅச்சு.

இச்சோதனைகள் ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் கத்தி என்பதையும் மறக்கலாகாது. கால முரண் கண்டால் போலி என்று சொல்லலாம். முரண் இல்லாவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது, ஏனெனில் கெட்டிக்காரப் போலியாளர் அசல் பழைய அட்டையையும் பழைய மைக்கூட்டையும் தேடிப்பிடித்தே வேலையைத் தொடங்குவார். சென்னையின் எம். ஜே. கோபாலன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவரும், 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவருமான அவர் 2003 வரை வாழ்ந்தார். ஆகவே அவர் கையெழுத்து நிப்புப் பேனாவிலும் இருக்கலாம், பால்பாயிண்டிலும் இருக்கலாம், மார்க்கரிலும் இருக்கலாம். கிரிக்கெட்டோடு டென்னிஸிலும் நாட்டுக்காக ஆடிய கோட்டா ராமசாமியின் கதை வேறு மாதிரி: 1936இல் இரண்டு டெஸ்டுகள் ஆடிய அவர், 1985 அக்டோபரில் சென்னையில் வீட்டைவிட்டு வெளியேறியவர் பிறகு காணப்படவேயில்லை. மறைந்த தேதி தெரியாத ஒருவரின் கையெழுத்துக்கு மேல் எல்லை எதை வைப்பது என்பது சேகரிப்பாளர்களுக்கு விட்டுச்செல்லப்பட்ட விசித்திரமான புதிர். எனினும் 1985க்குப் பிந்தைய தேதியிட்டு அவர் பெயரில் ஏதேனும் வந்தால், கையெழுத்தைப் பார்க்கும் முன் அதைக் கொண்டுவந்தவரைக் கேட்க வேண்டிய கேள்விகள் பல.

மூன்றாவது சாட்சி கோட்டின் ஓட்டம். பழகிய கையெழுத்து யோசித்து எழுதப்படுவதில்லை. கை தாளைத் தொடும் முன்பே நகரத் தொடங்கி, தாளைவிட்டு எழுந்த பின்பும் நகர்வதால், கோட்டின் தொடக்கமும் முடிவும் ஊசிமுனைபோல் மெலிந்திருக்கும். மேல்நோக்கிய இழுப்பில் அழுத்தம் குறைந்தும் கீழ்நோக்கிய இழுப்பில் கூடியும் இருக்கும். பார்த்து வரைபவரின் கை மெதுவாக நகர்வதால் தொடக்கமும் முடிவும் மழுங்கும், திருப்பங்களில் நடுக்கம் தெரியும், பேனாவை எடுக்கத் தேவையில்லாத இடத்தில் எடுத்து மறுபடி ஒட்டிய தடம் இருக்கும். நடுக்கம் மட்டுமே போலிக்குச் சான்றல்ல. முதுமையிலும் நோயிலும் எழுதிய அசல் கையெழுத்துகள் நடுங்கியே இருக்கும். வேறுபாடு எங்கே நடுங்குகிறது என்பதில் இருக்கிறது: முதியவரின் நடுக்கம் எளிய நேர்க்கோட்டிலும் சிக்கலான சுழியிலும் ஒருசேரப் பரவியிருக்க, போலியாளரின் நடுக்கம் வடிவத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டிய இடங்களில் மட்டும் கூடி நிற்கும். பளபளப்பான அட்டைகள் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. வழுக்கும் பரப்பில் மார்க்கர் மை திரண்டு துளித்துளியாக நிற்பதால் அசல் கோடும் தயங்கியதுபோல் தோற்றமளிக்கும், இதைத் தவிர்க்கச் சேகரிப்பாளர்கள் முகப்பவுடரைத் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்த பிறகே அட்டையை வீரரிடம் நீட்டுவதுண்டு.

அளவுக்கு மீறிய ஒற்றுமையும் ஐயத்துக்குரியது என்பது இத்துறையில் முரண்போல் ஒலிக்கும் உண்மை. 1868இல் அமெரிக்காவில் நடந்த ஹவ்லண்ட் உயில் வழக்கில், ஒரு பெண்மணியின் உயில் தாளிலிருந்த கையெழுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தியது. கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸும் அவர் மகன் சார்லஸும் அதே பெண்மணியின் ஐயமற்ற 42 கையெழுத்துகளை இணை இணையாக ஒப்பிட்டு, அவற்றிலுள்ள 30 கீழிழுப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றே சராசரியாக ஒத்துப்போகிறது என்று கண்டு, 30உம் ஒரே நேரத்தில் பொருந்துவது இயற்கையில் நடக்கக்கூடியதல்ல என்று சாட்சியம் அளித்தனர். வழக்கு வேறொரு சட்டக் காரணத்தால் முடிவுற்றதும், ஒவ்வோர் இழுப்பும் மற்றதைச் சாராதது என்று கொண்ட அவர்களுடைய கணக்கைப் பிற்காலத்தார் குறை கூறியதும் ஒருபுறமிருக்க, மனிதக் கை தன்னைத்தானே அப்படியே நகலெடுப்பதில்லை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. ஒரு வீரரின் இரண்டு கையெழுத்துகள் மேலடுக்கில் முழுதும் பொருந்தினால், ஒன்று மற்றதிலிருந்து எடுக்கப்பட்டது அல்லது இரண்டும் ஒரு பொறியிலிருந்து வந்தவை.

அந்தப் பொறிக்கு ஆட்டோபென் என்று பெயர். பதிவு செய்த கையெழுத்தின் தடத்தைப் பின்பற்றி உண்மையான பேனாவைப் பிடித்து எழுதும் இந்த இயந்திரம், அரசியல் தலைவர்களின் அலுவலகங்களில் கடிதக் குவியலைச் சமாளிக்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பயன்பட்டுவருகிறது. பேனாவும் மையும் உண்மையானவை என்பதால் லூப் சோதனையில் இது தப்பிவிடும். ஆனால் அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருப்பதாலும், பேனா இறங்கும் இடத்திலும் எழும் இடத்திலும் மைப்புள்ளி விழுவதாலும் பிடிபடும். டல்லஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் டாக் பிரெஸ்காட் பெயரில் பானினி நிறுவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டு பிரிஸம் வரிசை அட்டைகள் சில இப்படி இயந்திரத்தால் கையெழுத்திடப்பட்டவை என்று 2017இல் தெரியவந்தது. அட்டைகளைத் தயாரித்த நிறுவனமே கையெழுத்துக்குப் பொறுப்பேற்று வெளியிட்டவை அவை. வீரர் எழுதியதை நிறுவனத்தைச் சேர்ந்த யாரும் நேரில் பார்த்திராவிட்டால் அந்தப் பொறுப்பேற்புக்கு என்ன பொருள் என்ற கேள்வியை அந்நிகழ்வு எழுப்பியது. கிரிக்கெட் இதைவிடப் பழைய முன்னுதாரணம் கொண்டது. 1948இல் பிராட்மன் தலைமையில் இங்கிலாந்து சென்ற ஆஸ்திரேலிய அணியினர் ஆயிரக்கணக்கான ஆட்டோகிராஃப் தாள்களில் கையெழுத்திட வேண்டியிருந்தபோது, சிட் பார்ன்ஸ் தம் கையெழுத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டார். அந்த அணியின் தாள் ஒன்று அசல் என்று சான்று பெற்றாலும், அதிலுள்ள ஒரு பெயர் மட்டும் எழுதப்பட்டதல்ல, குத்தப்பட்டது என்ற நிலை சாத்தியம்.

ஒப்பீடு என்று வரும்போது எதோடு ஒப்பிடுவது என்பதே பெரும் வேலை. நிபுணர்கள் ஒப்பீட்டு மாதிரி என்று சொல்வது, ஐயத்துக்கு இடமில்லாத, தேதி தெரிந்த, சோதனைக்குரிய கையெழுத்தோடு ஏறக்குறைய ஒரே காலத்தைச் சேர்ந்த கையெழுத்துகளை; ஒன்று போதாது, வேறுபாட்டின் எல்லையைக் காணப் பல வேண்டும். 1989இல் கராச்சியில் முதல் டெஸ்ட் ஆடி 2013இல் மும்பையில் விடைபெற்ற டெண்டுல்கர் போன்றவருக்கு 24 ஆண்டுக் காலத்தில் கையெழுத்து ஒரே வடிவில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தியாவில் இத்தகைய மாதிரிகள் எதிர்பாராத இடங்களில் கிடைக்கின்றன. தேர்தலில் நின்ற வீரர்கள் வேட்புமனுவோடு அளிக்கும் உறுதிமொழிப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையம் பொதுப் பார்வைக்கு வைப்பதால், அவர்களுடைய கையெழுத்து தேதியோடும் பக்கத்துக்குப் பக்கமும் காணக் கிடைக்கிறது; 2019இல் கிழக்கு தில்லியில் நின்ற கௌதம் கம்பீரும், 2024இல் பகரம்பூரில் நின்ற யூசுப் பதானும் இவ்வரிசையில் வருவர். சதுரங்கத்தில் இதைவிட வளமான ஊற்று இருக்கிறது: ஆட்டம் முடிந்ததும் இரு ஆட்டக்காரர்களும் நகர்வுகளைக் குறித்த தாள்களில் கையெழுத்திட வேண்டும் என்பது சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடேயின் விதி. விஸ்வநாதன் ஆனந்த் தொடங்கி இன்றைய இளைஞர்கள் வரை இத்தனை கிராண்ட்மாஸ்டர்களைத் தந்த தமிழ்நாட்டில், போட்டித் தாள்களை முறையாகத் தொகுத்து வைத்தால் ஒவ்வோர் ஆட்டக்காரரின் கையெழுத்தும் சிறுவயது முதல் எப்படி மாறிவந்தது என்பதற்குத் தேதிவாரியான சாட்சியம் உருவாகும். அதற்கான அக்கறை இன்னும் பரவலாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

இம்மாதிரிகளைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. வங்கிக்கும் அரசுக்கும் இடும் கையெழுத்தை ரசிகருக்கு இடாமல், அதற்கெனத் தனியாக ஒன்றைப் பழகிக்கொள்ளுமாறு புகழ்பெற்றோருக்கு அறிவுரை சொல்லப்படுவதுண்டு. உறுதிமொழிப் பத்திரத்தோடு ஒப்பிட்டு அட்டையைப் போலி என்று தள்ளுவது அப்போது தவறாகிவிடும். தமிழ்நாட்டில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரசு ஊழியர் தமிழில் கையெழுத்திட வேண்டும் என்று 1978இல் மாநில அரசு ஆணையிட்டதால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசுப் பணிக்கு வந்த ஒருவர் அலுவலகக் கோப்பில் தமிழிலும் ரசிகரின் அட்டையில் ஆங்கிலத்திலும் எழுதுபவராக இருக்கக்கூடும். ஒரு வரிவடிவத்தை இன்னொரு வரிவடிவத்தோடு ஒப்பிடுவது முறையல்ல. இங்குள்ள பெயர் வழக்கம் மறுபக்கம் உதவியும் செய்கிறது. பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வரும் கையெழுத்துகளில், தலைப்பெழுத்திலிருந்து பெயருக்குக் கை எப்படித் தாவுகிறது, நடுவே புள்ளி வைக்கிறதா, கோட்டைத் தூக்காமலே இணைக்கிறதா என்பன எழுதுபவரே அறியாத பழக்கங்கள் என்பதால், போலியாளர் பெரிதும் கவனம் செலுத்தும் அலங்காரச் சுழிகளைவிட இவை நம்பத்தக்கவை.

இவ்வளவு வேலையையும் வாங்குபவர் செய்ய வேண்டாம் என்ற உறுதிமொழியோடு எழுந்ததே சான்று வழங்கும் தொழில். அமெரிக்காவில் அட்டைகளின் நிலையை மதிப்பிட 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ நிறுவனம், 1998இல் கையெழுத்துச் சான்றுக்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. அட்டையை முத்திரையிட்ட நெகிழிப் பேழைக்குள் அடைத்து எண்ணிட்டுத் தருவது இன்றைய நடைமுறை. இத்தொழிலுக்கு அவசரம் உண்டாக்கியது எஃப்பிஐ நடத்திய ஆபரேஷன் புல்பென் என்ற விசாரணை. 1990களின் பிற்பகுதியில் நடந்த இவ்விசாரணையில் தென்கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட ஒரு கும்பல் பிடிபட்டது. சந்தையிலுள்ள கையெழுத்துப் பொருள்களில் பாதியோ அதற்கு மேலோ போலியாக இருக்கலாம் என்று அப்போது எஃப்பிஐ மதிப்பிட்டது. அக்கும்பல் அன்னை தெரேசா கையெழுத்திட்டதாக ஒரு பேஸ்பாலையே தயாரித்திருந்தது என்பதிலிருந்து வாங்குவோரின் நம்பிக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று உணரலாம். கவனத்துக்குரிய செய்தி இன்னொன்று: அப்போலிகளோடு சான்றிதழ்களும் சேர்ந்தே விற்றன. சான்று என்பது ஒருவருடைய கருத்து. எழுதியவர் யார், எதை வைத்து முடிவுக்கு வந்தார் என்று தெரியாத சான்று வெறும் தாள். பேழையில் வந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்ப்பதும் முழுப் பாதுகாப்பாகாது, ஏனெனில் உண்மையான எண்ணைப் போலிப் பேழையில் அச்சிட்டு விற்பதும் நடக்கிறது; பதிவிலுள்ள படமும் கையிலுள்ள அட்டையும் ஒன்றுதானா என்று கோடு கோடாகப் பார்த்தாக வேண்டும். அண்மையில் வந்த டிஜிட்டல் வீரர் அட்டைகள் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லப்படுவதும் பாதி உண்மையே. பிளாக்செயின் பதிவு ஒரு கோப்பின் உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைக் காட்டுமேயன்றி, அதில் தெரியும் கையெழுத்தை யார் போட்டார் என்பதைக் காட்டாது.

எல்லாச் சாட்சிகளிலும் வலுவானது கையெழுத்து இடும் கணத்தைக் கண்ட சாட்சி. சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிகள் விற்பதை அவ்வணியின் வீரர் டோனி க்வின் கண்டறிந்ததும், எஃப்பிஐயின் விசாரணையும் சேர்ந்து, 2001இல் அமெரிக்கப் பேஸ்பால் லீக் தன் சொந்தச் சான்றுத் திட்டத்தைத் தொடங்கக் காரணமாயின. காவல் துறைப் பின்னணி கொண்டவர் ஒருவர் நேரில் பார்த்த பிறகே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும் என்பது அத்திட்டத்தின் விதி. கையெழுத்தின் வடிவத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. சேப்பாக்கத்தில் இதற்கு இணையான ஒன்று திட்டமிடாமலே நடந்தது. 2023 மே 14 அன்று சென்னை ஐபிஎல் அணியின் அவ்வாண்டுச் சொந்த மைதான லீக் ஆட்டங்களில் கடைசியானது முடிந்து வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, சுனில் கவாஸ்கர் ஓடிச் சென்று தாம் அணிந்திருந்த சட்டையில் தோனியிடம் கையெழுத்துப் பெற்றார். பேனா துணியைத் தொட்டதை நேரலை ஒளிபரப்பில் நாடே பார்த்தது. அந்தச் சட்டை என்றேனும் ஏலத்துக்கு வந்தால் எந்த நிபுணரும் தோனியின் எழுத்து வளைவை அளக்க வேண்டியிராது. ஒளிப்பதிவில் தெரியும் கோட்டின் இடத்தையும் துணியின் மடிப்பையும் பொருத்திப் பார்த்தாலே போதும். சாதாரண ரசிகருக்கும் இதே வழி திறந்தே இருக்கிறது: கையெழுத்து வாங்கும்போது கைபேசியில் எடுத்த சில நொடிக் காணொளி, பிற்காலத்தில் வாங்கும் எந்தச் சான்றிதழைவிடவும் மதிப்புள்ளது.

வழக்கு என்று வந்தால் இந்தியச் சட்டமும் இதே தர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கையெழுத்து பற்றி மூன்று வழிகளை வைத்தது: 45ஆம் பிரிவின்படி நிபுணரின் கருத்து, 47ஆம் பிரிவின்படி அந்தக் கையெழுத்தோடு பழக்கமுள்ளவரின் கருத்து, 73ஆம் பிரிவின்படி நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்ப்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் இவை 39, 41, 72ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. முராரிலால் வழக்கில் 1979இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிபுணரின் கருத்துக்கு வேறு சாட்சியத்தின் துணை கட்டாயமில்லை என்று கூறியபோதே, கையெழுத்தை அடையாளம் காணும் கலை கைரேகை ஆய்வின் அளவுக்கு முழுமையடையாததால் எச்சரிக்கையோடு அதை ஏற்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்கு அட்டை வாங்கிய ஒருவர் தடய அறிவியல் கருத்துப் பெற்று உரிமையியல் வழக்கு நடத்தத் திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தின் படியேறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அவருக்கு உகந்தது நுகர்வோர் சட்டம். 2019ஆம் ஆண்டின் சட்டம் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அனுமதிப்பதால், விற்பவர் எந்த மாநிலத்திலிருந்தாலும் மகாராஜபுரத்துக்காரர் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், தானே இருப்பு வைத்து விற்கும் இணைய நிறுவனம் ஒரு பொருளை அசல் என்று வெளிப்படையாகவோ குறிப்பாகவோ உறுதியளித்தால், அதன் மெய்த்தன்மை பற்றிய வழக்கில் அந்நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. பலரும் விற்கும் சந்தைத் தளங்களுக்கு இந்த விதி அதே வடிவில் பொருந்தாது என்பதால், பணம் செலுத்தும் முன் விற்பவர் யார், அவர் பட்டியலில் எழுதியிருப்பது அசல் கையெழுத்து என்றா, அல்லது அசல் அட்டை என்று மட்டுமா என்பதைப் படித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது முறையீட்டின் முதல் ஆவணமாகிறது.